கழித்துக்கட்டிய ராத்திரிகள்

ஜூன் 3

சம்பந்தி அவர்களுக்கு,

நலம் விசாரித்துத் தொடங்கும் மனநிலையில் நான் இல்லை. போனில் பேசினால் இருவரும் கத்துகிறோம். போன வாரம் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே நீங்கள் வைத்துவிட்டீர்கள். மின்னஞ்சல் அனுப்பினால் குழுவில் எல்லாருக்கும் நகல் போட்டு, ‘கணக்கம்மாவுக்குக் கோபம்’ என்று மேலே ஒரு வரி எழுதுவீர்கள். அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். இதைப் பாதியில் வைக்க முடியாது.

நீங்கள் அனுப்பிய அளவுகளைப் பார்த்தேன். அந்தச் சிவப்பு நட்சத்திரத்தை உங்கள் குழு வருஷக்கணக்காகப் பார்த்து, அது முன்னும் பின்னும் ஆடுகிறதா என்று அளந்த எண்கள். ஆடினால், ஒரு கிரகம் அதைச் சுற்றிக்கொண்டே இழுக்கிறது என்று அர்த்தம். முதல் கட்டுரையில் ‘இருக்கலாம்’ என்று எழுதினோம். அதற்கே உங்களுக்கு மாலையும் மேடையும் கிடைத்தன. இப்போது ‘இருக்கிறது’ என்று எழுத வேண்டும். தற்செயலாக இப்படி அமைய பத்து லட்சத்தில் ஒரு வாய்ப்புகூட இல்லை என்று நான் கணக்குப் போட்டுக் கையெழுத்திட வேண்டும். அவ்வளவுதானே கேட்கிறீர்கள்?

அந்தக் கிரகத்தின் ஒரு சுற்று சரியாக நம் நிலாவின் ஒரு மாதம். முதல் கட்டுரையின்போதே இது எனக்கு உறுத்தியது. நிலா இல்லாத ராத்திரிகளின் அளவுகளையும் கொடுங்கள் என்றேன். ‘இருட்டு ராத்திரியெல்லாம் கேலக்ஸிக்காரங்க வாங்கிட்டுப் போயிடறாங்க. நமக்கு விடறது நிலா காயற ராத்திரி மட்டுந்தான்’ என்றீர்கள். அது நியாயம்தான். மங்கலான கேலக்ஸிகளைப் பார்ப்பவர்களுக்கு இருட்டு வேண்டும், நம் நட்சத்திரத்துக்கு நிலா இருந்தாலும் பாதகமில்லை. ‘இருட்டு ராத்திரி அளவுகள் கிடைக்கவில்லை’ என்று நானே ஒரு வரி எழுதினேன். அந்த வரியை இந்தக் கட்டுரையிலும் அப்படியே ஒட்டியிருக்கிறீர்கள்.

என் கேள்வி ஒன்றுதான். உங்கள் மகனுக்கு என் மகள் என்று நாம் பேசி முடித்தோமே, அந்த ராத்திரி எங்கே?

முதல் கட்டுரை வந்து இரண்டு வருஷம் கழித்து, ஏதோ கூட்டத்துக்காக நான் மலைக்கு வந்திருந்தேன். கேலக்ஸிக்காரர்கள் கடைசி நேரத்தில் வரவில்லை. கட்டுப்பாட்டு அறையில் நீங்கள், நான், தொலைநோக்கி இயக்குபவர், இருமிக்கொண்டே இருந்த ஒரு ஹீட்டர். ‘உங்க பொண்ணும் எம் பையனும் முடிவு பண்ணிட்டாங்களாம். ஊருக்கெல்லாம் தெரிஞ்சப்பறம் நமக்குத் தெரியுது’ என்று டீயை நீட்டினீர்கள். வெளியே நிலா இல்லை. வானம் கழுவித் துடைத்த மாதிரி இருக்கிறது என்று சொன்னதும் நீங்கள்தான். ‘சும்மா ஒக்காந்திருக்கறதுக்கு நம்ம நட்சத்திரத்தயே பாப்போம்’ என்று திருப்பச் சொன்னீர்கள். அளவு திரையில் வந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

நீங்கள் அனுப்பியதில் அந்தத் தேதியே இல்லை. நாம் சம்பந்தியான ராத்திரி எங்கே போயிற்று என்று தெரிந்துகொள்ளாமல் நான் எதிலும் கையெழுத்துப் போட மாட்டேன்.

இப்படிக்கு,
சம்பந்தி


ஜூன் 14

அன்புள்ள சம்பந்தியம்மா,

கோபத்திலும் உங்கள் கையெழுத்து அச்சுக் கோத்த மாதிரி இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டாரை இப்படி மிரட்டுகிற பெண் வீட்டாரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை!

நீங்கள் பயப்படும்படி எதுவும் காணாமல் போகவில்லை. அளவுகளைச் சுத்தம் செய்யும்போது தரக்குறைவான ராத்திரிகள் கழிந்துபோகும். எல்லாக் குழுவிலும் உள்ள வழக்கம்தான். வானம் கண்ணுக்குத் தெளிவாக இருப்பது வேறு, கருவிக்குத் தெளிவாக இருப்பது வேறு. மலையில் முப்பது வருஷம் குளிரில் நின்ற எனக்கு அது வாசனையிலேயே தெரியும். மேஜையில் உட்கார்ந்து எண்களைப் பார்க்கிற உங்களுக்குத் தெரியவில்லை என்றால் நான் தப்பு சொல்ல மாட்டேன். அந்த ராத்திரி நமக்கு நல்ல ராத்திரி, நட்சத்திரத்துக்குக் கெட்ட ராத்திரி. அவ்வளவுதான் விஷயம்.

நிலா மாதமும் கிரகத்தின் சுற்றும் ஒத்துப்போவதைப் பெரிதுபடுத்துகிறீர்கள். இயற்கை நம் காலண்டரைப் பார்த்துவிட்டா கிரகத்தைச் சுற்றவிடுகிறது? தற்செயல். உங்கள் துறையின் மூலதனமே அந்த வார்த்தைதானே, அதை நான் சொன்னால் மட்டும் ஏன் கசக்கிறது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் குழுவிலேயே உழைக்கிற உங்கள் மாப்பிள்ளைக்குச் செப்டம்பரில் நேர்காணல். நிரந்தர வேலை. ஆகஸ்டுக்குள் கட்டுரை வந்துவிட்டால் முதல் பெயர் அவனுடையது, கேள்வியே கேட்காமல் எடுத்துக்கொள்வார்கள். வராவிட்டால் மறுபடி ஒப்பந்தம், மறுபடி வேறு நாடு, மறுபடி யாரோ விட்டுப்போன மெத்தை. இந்தத் தடவை மூட்டை கட்ட மாட்டேன் என்று உங்கள் மகள் சொல்லிவிட்டாளாம். அவன் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

உங்கள் பாடப்புத்தகத்தில் இரண்டு எண்கள் சேர்ந்து ஏறிச் சேர்ந்து இறங்கினால் அதற்கு ஒட்டுறவு என்று பெயர் வைத்திருக்கிறீர்களே, எவ்வளவு பொருத்தம்! நமக்குள்ளும் இப்போது அதுதான். நான் ஏறினால் உங்கள் வீடும் ஏறும். இறங்கினால் என்ன ஆகும் என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

கையெழுத்தை இந்த வாரமே போட்டு அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்,
சம்பந்தி


ஜூன் 22

சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தில் ‘சுத்தம்’ என்ற வார்த்தையைப் படித்ததும் தாளைக் கீழே வைத்துவிட்டேன். எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

புள்ளியியல் படித்துவிட்டு உங்கள் கூட்டத்தில் வந்து சேர்ந்த நாளிலிருந்து இந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். என் முதல் வேலையில் ஒரு மேதை, கேலக்ஸிகளின் தூரத்தைப் புள்ளி புள்ளியாக வைத்து, நடுவில் பென்சிலால் கோட்டையும் போட்டுக் கொண்டுவந்தார். கோடு சரிதான் என்று கணக்கில் நிரூபிக்க வேண்டுமாம். கோட்டை விட்டுத் தள்ளியிருந்த புள்ளிகளை என்ன செய்ய என்றேன். ‘சுத்தம் பண்ணிடுங்கம்மா’ என்றார். அடுத்தவர் ஒரு நட்சத்திரக் கூட்டத்தின் வயதைக் கணக்கிடச் சொன்னார். வயது அவருக்குப் பிடித்தபடி வரவில்லை என்றதும் உறுப்பினர்களில் பாதிப் பேரைக் கூட்டத்தை விட்டே விலக்கிவிட்டார். அவர்கள் சும்மா அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்த நட்சத்திரங்களாம். எல்லாக் கட்டுரையின் கடைசியிலும், கணினி அறைக்கும் விருந்தினர் விடுதிக்கும் நடுவில் எனக்கு ஒரு நன்றி. சுவர் பூசி முடித்த பிறகு குழாய்க்காரரைக் கூப்பிடுகிற மாதிரி, எல்லாம் முடிந்த பிறகு என்னைக் கூப்பிடுவீர்கள். குழாயைப் பார்க்கக் கூடாது, சுவர் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்ல வேண்டும்.

ஆனாலும் இந்த வேலை எனக்குப் பிடித்தது. நமக்கு எவ்வளவு தெரியும் என்பதைவிட எவ்வளவு தெரியாது என்பதை ஒரு எண்ணாகச் சொல்ல முடிகிறதே, அது பிடித்தது. வானத்தின் முன்னால் அந்த அடக்கமாவது மனிதனுக்கு வேண்டாமா? அதைக்கூட நீங்கள் விட்டுவைக்கவில்லை.

உங்கள் கிரகம் என்ன என்று நான் சொல்கிறேன். ஒளியைப் பிரித்து அளக்கும் கருவியை மாதாமாதம் நிலா ராத்திரிகளுக்கு முன்னால் தூக்கித் தொலைநோக்கியில் மாட்டுகிறீர்கள். மாட்டியதும் அது சூடு ஆறி ஒரு நிலைக்கு வரச் சில நாள் ஆகும். அதுவரை அதன் அளவு மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். ஆறி முடிக்கும்போது உங்கள் முறை முடிந்துவிடும், கழற்றி வைத்துவிடுவீர்கள். அடுத்த மாதம் மறுபடி மாட்டுவீர்கள், மறுபடி நகரும். மாதாமாதம் ஆடுவது நட்சத்திரம் இல்லை, உங்கள் கருவி. நீங்கள் கண்டுபிடித்தது கிரகம் இல்லை சம்பந்தி, டைம்டேபிள்.

கேலக்ஸிக்காரர்கள் வராத இருட்டு ராத்திரிகளில் கருவியைக் கழற்றாமலே விட்டிருப்பீர்கள், அது ஏற்கெனவே ஆறிப்போயிருக்கும். அப்போது நட்சத்திரம் ஆடுகிறதா இல்லையா என்று பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அந்த ராத்திரிகள் மட்டும் உங்களுக்குக் கெட்ட ராத்திரிகள்! என் காதில் பூச்சுற்றாதீர்கள்.

கழித்தவை எல்லாம் எனக்கு வேண்டும். மாப்பிள்ளையின் வேலையை முன்னால் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் ஒளிவது உங்கள் வயதுக்கும் பதவிக்கும் அசிங்கம்.

சம்பந்தி


ஜூலை 9

சம்பந்தியம்மா,

இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தேன். நீங்கள் என் குழுவில் இருக்கும் ஒரு பெண்ணைத் தனியாக அழைத்து விசாரித்தது தெரிந்த பிறகு பொறுக்க முடியவில்லை. எனக்குத் தெரியாமல் என் வீட்டுக்குள் மூக்கை நுழைப்பதற்கு என்ன பெயர்?

சரி, தெரிந்துகொள்ளுங்கள். கழித்தது நான் இல்லை. உங்கள் மாப்பிள்ளை.

மாணவனாகச் சேர்ந்த நாளிலிருந்தே அளவுகளைச் சுத்தம் செய்வது அவன் பொறுப்பு. எந்த ராத்திரியை எடுத்தான், எதை விட்டான் என்று ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்க்க எனக்கு நேரம் ஏது? நான் குழுத் தலைவர். கூட்டிப் பெருக்குகிறவன் இல்லை. அவன் கொண்டுவந்ததை நம்பினேன். பெற்றவன் பிள்ளையை நம்பினால் குற்றமா?

இத்தனை நாளும் சொல்லாமல் இருந்தது அவனுக்காக மட்டுமில்லை, உங்களுக்காகவும்தான். இப்போது நேர்மைக் கொடியைத் தூக்கிக்கொண்டு பத்திரிகைக்கு எழுதுங்கள் பார்க்கலாம். முதல் கேள்வியே ‘யார் நீக்கினார்கள்’ என்பதாகத்தான் இருக்கும். பதில் சொல்ல நான் தயார். உங்கள் மகளின் குடித்தனம் அதற்குத் தயாரா என்று கேட்டுக்கொண்டு எழுதுங்கள்.

வீம்புக்கு ஒரு அளவு உண்டு. ‘சில இரவுகள் தரம் குறைந்ததால் சேர்க்கப்படவில்லை’ என்று அடிக்குறிப்பு ஒன்று போட்டுவிடலாம். நீங்கள் சொன்னதும் ஆயிற்று, நான் சொன்னதும் ஆயிற்று. வாசகங்களை உங்களுக்குப் பிடித்தபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

சம்பந்தி


ஜூலை 28

சம்பந்தி அவர்களுக்கு,

நேரில் கேட்டுவிடுவது என்று கிளம்பி, பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன்.

மூன்றாவது மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. உள்ளே பாதி அறைக்குத் துணி காயப்போடுகிற கம்பிதான். என் மகள் நேர்காணலுக்கு என்று வாங்கிய சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

‘மாப்பிள்ளை, இருட்டு ராத்திரி அளவையெல்லாம் எடுத்துப் போட்டது யாரு?’

‘நாந்தான் அத்தை.’

குழாயை மூடிவிட்டுத்தான் சொன்னார். எனக்கு உங்கள் கடிதம் பொய்யாக இருக்கும் என்று ஒரு நப்பாசை இருந்தது. அது போயிற்று.

‘ஏன் எடுத்தீங்க?’

‘கிராஃபைக் கொண்டுபோய் அப்பாகிட்ட காட்டுவேன். அவர் பாத்துட்டு, இது கெட்ட ராத்திரி, இது கெட்ட ராத்திரின்னு பேனாவால சுழிப்பார். எப்பிடிப்பா தெரியுதுன்னு ஆரம்பத்துல ஒரு தடவ கேட்டேன். “கோட்டுல ஒக்கார மாட்டேங்குது பாரு, அதுலயே தெரியலையாடா?”ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. அப்பறம் நான் கேக்கல. பின்னாடியெல்லாம் அவர் சுழிக்கறதுக்கு முன்னாடி நானே எடுத்துடுவேன். அவருக்கு வேல மிச்சம்ல.’

கோட்டில் உட்காராத ராத்திரி கெட்ட ராத்திரி. கெட்ட ராத்திரிகளை எடுத்துவிட்டால் கோடு சரி. இதை முப்பது வருஷ மலைக்குளிரின் வாசனை என்று எனக்கு எழுத உங்களுக்குக் கை கூசவில்லையா? பெற்ற பிள்ளைக்குத் தப்பைப் பழக்கிக் கொடுத்துவிட்டு, மாட்டிக்கொண்டதும் ‘அவன்தான்’ என்று கையைக் காட்டுகிறீர்கள். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ எண்களை வளைத்துப் பார்த்திருக்கிறேன். எரிச்சல் வந்திருக்கிறது, சிரிப்பு வந்திருக்கிறது. இந்த அருவருப்பு வந்ததில்லை.

என் மகள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். ‘ஏம்மா, ரெண்டு மாசம் கழிச்சுக் கேட்டிருக்கக் கூடாதா? இவருக்கு வேல வந்தப்பறம் கேட்டா கிரகம் எங்க ஓடிப் போயிடப்போவுது?’ என்றாள். ‘அது இல்லவே இல்லடி, ஓடறதுக்கு’ என்றேன். அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். ‘நீ கெளம்பும்மா’ என்றாள். மாப்பிள்ளைதான் கீழே வரைக்கும் வந்து ஆட்டோ பிடித்துக் கொடுத்தார்.

அடிக்குறிப்பு எழுத நான் ஆள் இல்லை. கட்டுரையிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டேன். நீக்கப்பட்ட ராத்திரிகள் இருக்கின்றன, அவற்றைக் கேட்டு வாங்குங்கள் என்று பத்திரிகை ஆசிரியருக்கு நேற்று எழுதிவிட்டேன். யார் நீக்கினார்கள் என்று எழுதவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள். உங்களிடம் கொஞ்சமாவது மிச்சம் இருந்தால் சொல்லுங்கள்.

சம்பந்தி


செப்டம்பர் 17

அம்மையீர்,

பத்திரிகை விளக்கம் கேட்டதை ஒட்டி, கட்டுரையைத் தற்காலிகமாகத் திரும்பப் பெற்றுக்கொண்டுள்ளோம். செய்தி எப்படியோ வெளியே கசிந்துவிட்டது. நேர்காணலுக்கான அழைப்பு ரத்தாகிவிட்டது. இந்த மாத முடிவோடு அவனுடைய ஒப்பந்தமும் முடிகிறது. சொந்தப் பிள்ளைக்குச் சலுகை என்ற பேச்சு எழும் நிலையில், குழுத் தலைவர் என்ற முறையில் அதை நீட்டிக்கும்படி நான் பரிந்துரைக்க இயலாது.

திருப்திதானே?

இனி அலுவல் தொடர்பாக எழுதுவதாக இருந்தால் என் செயலாளருக்கு எழுதவும்.

குழுத் தலைவர்


நவம்பர் 11

சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் செயலாளர் பாவம், இதையெல்லாம் படிக்க வேண்டாம். உங்களுக்கே எழுதுகிறேன்.

பிள்ளைகள் இங்கே என் வீட்டில்தான் இருக்கிறார்கள், உங்களுக்கு யாரும் சொன்னார்களா தெரியவில்லை. வாடகைக்கு வழியில்லாமல் போனதும் வந்துவிட்டார்கள். என் மகள் என்னிடம் சாவி எங்கே, குழாய் சொட்டுகிறது என்ற அளவுக்குப் பேசுகிறாள். நான் செய்தது சரி என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தாலும் கோபம் போகாது. எனக்கே என்மேல் கோபமாகத்தான் இருக்கிறது, வேறு மாதிரி செய்திருப்பேனா என்றால் மாட்டேன்.

மாப்பிள்ளை கழித்ததை எல்லாம் பத்திரமாகத்தான் வைத்திருந்தார். எல்லா ராத்திரிகளையும் சேர்த்து அவரே கணக்குப் போட்டார். நான் பக்கத்தில்கூட உட்காரவில்லை. ஆட்டம் ஒன்றும் இல்லை. அந்த நட்சத்திரம் பாட்டுக்கு அது இருக்கிறது, சுற்றி எதுவும் கிடையாது. கருவி நகர்வதையும் தனியாகப் பிரித்துக் காட்டிவிட்டார். நல்ல வேலை, சம்பந்தி. ஒழுங்காகப் பழக்கியிருந்தால் நம் இருவரையும்விடப் பெரிய ஆளாக வந்திருப்பார் என்று அதைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது.

முதல் கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம் என்று ஒரு குறிப்பு எழுதிவிட்டார். தப்பு எப்படி நடந்தது என்பதை விளக்கி, ‘நான் நீக்கினேன்’ என்று தன்னைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். உங்களைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. ‘அப்பா சொன்னாருன்னு எழுதினா, சொன்னதையெல்லாம் செய்யறவனான்னு கேப்பாங்க அத்தை. கேட்டாலும் சரிதான’ என்றார். எனக்குச் சம்மதமில்லை, ஆனால் குறிப்பு அவருடையது. முதல் கட்டுரையில் உங்கள் பெயர் இருப்பதால் இதற்கும் உங்கள் ஒப்புதல் வேண்டும். பெயர் போடலாமா வேண்டாமா என்று எழுதுங்கள்.

இனி எழுதுவது அலுவல் இல்லை. அவர் உங்களுக்குப் பல தடவை போன் செய்தார், நீங்கள் எடுக்கவில்லை. மணி அடித்து ஓய்கிற வரைக்கும் காதிலிருந்து எடுக்காமல் வைத்துக்கொண்டு நிற்கிறார். பார்க்கச் சகிக்கவில்லை. நீங்கள் ஊருக்கு முன்னால் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். அந்தப் பேனாச் சுழி உங்களுடையது என்று அவரிடம் மட்டும் சொன்னால் போதும். ஒரு வரி எழுதினால்கூடப் போதும். உங்களிடம் நான் கேட்கிற கடைசி விஷயம் இது.

சம்பந்தி


டிசம்பர் 20

அன்புள்ள சம்பந்தியம்மா,

உங்கள் கடிதமும் குறிப்பும் கிடைத்தன. பதில் தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும், ஓய்வே இல்லை. குறிப்பை வரிக்கு வரி படித்தேன். பிரமாதம்! தாராளமாக என் பெயரைப் போடுங்கள். முதல் கட்டுரையில் போட்ட அதே வரிசையில், முதலில் போடுவதுதான் முறை. நடுவில் இரண்டு வாக்கியங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். ‘எங்கள் குழுவின் தொடர்ந்த சுயபரிசோதனையின் பயனாக’ என்று தொடங்கினால் கம்பீரமாக இருக்கும்.

ஒரு நல்ல செய்தி. குறிப்பு வரப்போவதைக் கேள்விப்பட்டு, வருஷாந்திர மாநாட்டில் தொடக்க உரைக்கு என்னை அழைத்திருக்கிறார்கள். தலைப்பு ‘அறிவியலில் நேர்மை’. சொந்தக் கண்டுபிடிப்பைத் தானே திரும்பப் பெறும் துணிச்சல் எத்தனை பேருக்கு வரும் என்று மாநாட்டுத் தலைவரே போனில் நெகிழ்ந்துபோனார். பழைய மனஸ்தாபங்கள் எல்லாம் இப்படி நல்லதில் முடிந்ததில் உங்களுக்கும் பங்கு உண்டு. அதை நான் மறக்கவில்லை, உரையின்போது திரையில் வரும் கடைசிப் படத்தில் புள்ளியியலாளர்களுக்கு நன்றி என்று போடச் சொல்லியிருக்கிறேன்.

தப்பு எப்படி நேர்ந்தது என்று கேட்பார்கள் அல்லவா? ‘ஒரு இளம் ஆய்வாளரின் அனுபவக் குறைவு’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறேன். பெயர் சொல்வது நாகரிகம் இல்லை.

எனக்கு இரண்டு கிராஃப்கள் வேண்டும். ராத்திரிகளை நீக்கியபோது ஒன்று, எல்லாவற்றையும் சேர்த்தபோது ஒன்று. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சபை ஒரு நிமிஷம் மூச்சுவிடாது. பின்னணி நல்ல அடர்நீலமாக இருக்கட்டும். எழுத்து பெரிதாக, கடைசி வரிசைக்கும் தெரிகிற மாதிரி. ஜனவரி முதல் வாரத்துக்குள் கிடைத்தால் உதவியாக இருக்கும்.

மருமகளைக் கேட்டதாகச் சொல்லுங்கள். மலையில் கடும் குளிர்.

அன்புடன்,
சம்பந்தி


டிசம்பர் 29

சம்பந்தி அவர்களுக்கு,

கிராஃப்கள் இத்துடன் உள்ளன. அடர்நீலம், பெரிய எழுத்து. நான் போட்டவை இல்லை. உங்கள் மகன் போட்டவை.

நீங்கள் மாற்றிய இரண்டு வாக்கியங்களையும் அடித்துவிட்டோம். உங்கள் பெயர் அகர வரிசையில் எங்கே வருகிறதோ அங்கே வரும். பிடிக்காவிட்டால் எடுத்துவிடச் சொல்லுங்கள். உங்கள் உரையைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை. எழுத உட்கார்ந்தேன், வந்த வார்த்தைகளெல்லாம் இந்த வீட்டில் வைத்து எழுதக் கூடாதவையாக இருந்தன.

உங்கள் கடிதத்தை மறைக்காமல் சாப்பாட்டு மேஜையிலேயே வைத்தேன். அவர் படிக்கட்டும் என்றுதான் வைத்தேன். உங்கள் முகத்திரை அவர் கண் முன்னால் கிழியட்டும் என்று நினைத்தேன்.

நின்றபடியே படித்தார். ‘அனுபவக் குறைவு’ என்ற இடத்தில் கோபப்படுவார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். படவில்லை. நீலம், பெரிய எழுத்து, ஜனவரி முதல் வாரம் என்று ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டார். அப்புறம் தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். உறையைத் தேடி எடுத்து, வாயைப் பிரித்து உள்ளே பார்த்தார்.

‘அத்தை, எனக்குன்னு தனியா எதுவும் வரலையா?’

என் மகள் அடுப்படியிலிருந்து என்னைப் பார்த்தாள். இத்தனை மாதத்தில் அவள் என் முகத்தை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

‘உங்களுக்குத் தனியா லெட்டர் போடறேன்னு எழுதியிருக்காரே, இன்னொரு தாள்ல. அந்தத் தாள் எங்கயோ விழுந்துடுச்சு. லெட்டர் வந்துடும்’ என்றேன்.

இல்லாததை இருக்கிறது என்று நான் சொன்னது இதுதான் முதல் தடவை. உங்களுக்காக மறுத்ததை உங்கள் மகனுக்காகச் செய்துவிட்டேன். அவர் நம்பிவிட்டார். தபால்காரர் வரும் நேரத்தில் இரண்டு நாளாகக் கீழே போய் நிற்கிறார்.

எழுதித் தொலையுங்கள்.